கை பார்க்கும் மெசின்

1

பன்மாறிப் புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியிருக்கிற என் மகள் ஷமீமாவுக்கு அந்தப் பாடத்தை முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

பொய். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நான் நின்ற அன்று வாத்தியார் அழுததாகக் கேள்வி, சந்தோஷத்தில். விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த காதரைச் சிலருக்கு ஞாபகம் இருக்கும். மற்றவர்களுடைய வயிற்றுக்கு ஞாபகம் இருக்கும். மாவை வீசத் தெரியும், வாயை வீசத் தெரியும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இந்தக் குளிர்ந்த தேசத்துக்கு வந்து பிழைத்துக்கொண்டிருக்கிறேன். எந்தத் தேசம் என்று எழுதவில்லை. "ஊர்ப் பேரைப் போடாதீங்கத்தா, நாளைக்கு எதுக்காச்சும் இழுப்பாங்க" என்று மகள் சொல்லிவிட்டாள். ஐஸ் பெட்டிக்குள் தெருவிளக்குப் போட்ட மாதிரி ஓர் ஊர். அவ்வளவுதான்.

நம் ஊர் ஆண்டு மலரின் ஆசிரியர் வருஷம் தவறாமல் கேட்பார். "காதரு, வெளிநாட்டு அனுபவத்தை நாலு பக்கம் சிரிக்கச் சிரிக்க எழுதி அனுப்பு." நானும் அனுப்புவேன். பனியில் வழுக்கி விழுந்தது, நகரும் படிக்கட்டில் கைலி மாட்டியது என்று என் மானத்தை நானே கூவி விற்பேன். இந்தத் தடவை சிரிப்பு கிடையாது, எரிச்சல்தான் இருக்கிறது. வேண்டாமென்றால் வடை மடிக்கக் கொடுத்துவிடுங்கள்.

எழுதுகிறேன் என்றால் எழுதவில்லை. போனில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. என் பேச்சை அச்சுத் தமிழாக்குவது ஆசிரியர் தலையெழுத்து. உட்கார்ந்திருக்கிற இடம் இந்த ஊர் விமான நிலையம். வருகிறவர்கள் வெளியே வருகிற கண்ணாடிக் கதவுக்கு எதிர்ப் பெஞ்சு. தாடிக்காரன் ஒருவன் புரியாத பாஷையில் போனைத் திட்டிக்கொண்டிருக்கிறான் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். போகட்டும். கால் நீட்ட இடம் கிடைத்தது.

காத்திருப்பது என் அக்கா ஜைத்தூனுக்காக. விமானம் எப்போதோ இறங்கிவிட்டது. அதில் வந்த கூட்டமெல்லாம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு, பலூன் வாங்கிக்கொண்டு, கட்டிப்பிடித்து முடித்துப் போய்விட்டது. விமானத்தை ஓட்டியவர்களே தொப்பியோடு போய்விட்டார்கள். அக்கா வரவில்லை. என்ன ஏது என்று விசாரிக்க ஷமீமா போயிருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு நிக்காஹ். மாமி, அதாவது என் அக்கா, வராமல் நிக்காஹ் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டில் கறாராகச் சொல்லி வைத்திருக்கிறாள். போன வருஷம் இதே சமயத்தில் இதே அக்காவை நடுவழியில் மடக்கித் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அதற்குள் மறுபடியும் ஒரு கண்ணாடிக் கதவு.

2

ஷமீமா தவழும் முன்பே அவளைப் பெற்றவள் மவுத்தாகிவிட்டாள். கைப்பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன். அக்கா வீடு திருத்தங்கலில். மச்சானுக்குச் சின்னதாகப் பை விற்கிற கடை. அக்கா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி சொருகுகிறவள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் என் பிள்ளை அவர்கள் பிள்ளையாயிற்று. அது பேசிய முதல் வார்த்தை மாமி. அத்தா என்கிற வார்த்தை போனில் சொல்வதற்கு மட்டும் பழக்கிய வார்த்தை.

இங்கே நிரந்தரமாகத் தங்குகிற காகிதம் என் கைக்கு வந்தபோது ஷமீமா தாவணி போடுகிற வயதுக்குப் பக்கத்தில் இருந்தாள். அழைத்துக்கொண்டேன். வந்த புதிதில் அவள் வாயைத் திறந்தால் திருத்தங்கல் பஸ் ஸ்டாண்டு மொத்தமும் வெளியே வரும். "அத்தா, அங்கன பாருங்க, எம்புட்டுப் பனி." போகப் போக அங்கன போயிற்று, எம்புட்டு போயிற்று. கோபம் வந்தால் இங்கிலீஷ், சிரிப்பு வந்தால் இங்கிலீஷ். பசித்தால் மட்டும் தமிழ். அதனால்தான் நான் சமையலை விடவில்லை.

என் இங்கிலீஷ் வேறு ரகம். நான் வேலை பார்த்த கடைக்குச் சுகாதார அதிகாரி வந்தார். சமையல்கட்டில் பெஸ்ட் இருக்கிறதா என்று கேட்டார். அவர் கேட்டது எலி, கரப்பான். நான் நினைத்தது உயர்ந்த சரக்கு. "எல்லாமே பெஸ்ட்தான் சார், மூலைக்கு மூலை பெஸ்ட்" என்று அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டினேன். முதலாளி அன்று என்னைப் பார்த்த பார்வையில் பரோட்டாவே சுட்டிருக்கலாம்.

அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த ஷமீமா, அதற்குப் பிறகு எந்த ஆபீசிலும் என்னைப் பேச விட்டதில்லை. "நீங்க பேசாதீங்கத்தா, நான் பேசிக்கிறேன்." பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வரி ஆபீஸ், வீட்டு ஓனர், எங்கு போனாலும் இதே பாட்டு. என் சார்பில் என் மகள் பேசுவாள். நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்பேன். தலையாட்டுவதையும் எப்போது ஆட்ட வேண்டும் என்று அவள்தான் கண்ணால் காட்டுவாள்.

3

அவள் படிப்பு என்ன என்று ஊரில் எல்லோரும் கேட்கிறீர்கள். டாக்டருக்கா, இஞ்சினியருக்கா என்று. பன்மாறி என்று அவள் முதலில் சொன்னபோது நான் டீக்கடையில் பன் மாறிப் போன வழக்கு என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஒரு பொருளுக்கு ஒரே ஓர் அளவு என்றால் அது பழைய கணக்கு. எடை எவ்வளவு, நீளம் எவ்வளவு, முடிந்தது. இவளுடைய கணக்கில் ஒரே பொருளுக்கு நூற்றுக்கணக்கில் அளவு இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மாறி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். எனக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் சொன்னாள், சாப்பிட்டுக்கொண்டே, அதனால் தமிழில்.

"அத்தா, கல்யாண வீட்ல குரூப் போட்டோ எடுக்குறவர் முதல்ல என்ன செய்வாரு?"

"பிரியாணி எங்கன போடுறாகன்னு கேப்பாரு."

"அதுக்கு அப்புறம்."

"மறுசோறு கேப்பாரு."

"அத்தா."

"சரி சொல்லு."

"எங்க நின்னா நிறைய மூஞ்சி தெரியும்னு இடம் தேடுவாருல்ல. பக்கவாட்டுல நின்னா எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து ஒரே ஆள் மாதிரித் தெரிவாங்க. நேரா நின்னா கூட்டம் விரிஞ்சு தெரியும். நூறு அளவு இருக்கிற கணக்குக்கும் அப்படி நிக்க ஒரு நல்ல இடம் தேடுறோம். அங்க நின்னு பாத்தா எது எது ஒரு கூட்டம், எது வேற கூட்டம்னு பிரிஞ்சு தெரியும்."

"எங்கன நின்னாலும் ஒருத்தன் மறைஞ்சிருவானே. எங்க சின்னத்தா மகன் இருக்கான், எந்தப் போட்டோவுலயும் எவன் தோளுக்குப் பின்னாடியாச்சும்தான் நிப்பான்."

"அது மிச்சம்த்தா. அதை விட்டுருவோம்."

"விட்டுருவீகளா?"

"கொஞ்சூண்டுதான்."

அவள் படிப்பு முடிக்கச் செய்த ஆராய்ச்சி தேனைப் பற்றி. தேன் பாட்டில் மேல் ஒளியைப் பாய்ச்சினால் மெசின் நூற்றுக்கணக்கில் எண்ணைக் கொட்டும். நல்ல தேன் ஒரு கூட்டம், சீனிப்பாகு கலந்தது ஒரு கூட்டம். இரண்டுக்கும் நடுவே கணக்கு ஒரு கோட்டைப் போடும். புதுப் பாட்டில் வந்தால் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார்கள். தேனுக்கு ஜாதகம் எழுதுகிற வேலை என்று கடையில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். அப்போது எனக்கு அந்தக் கோட்டின் மேல் எந்தப் பகையும் இல்லை. தேன்தானே.

4

போன வருஷம் பட்டமளிப்பு. அக்கா வரவேண்டும் என்று ஷமீமா டிக்கெட் எடுத்து அனுப்பினாள். அக்கா விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

திருத்தங்கலில் அட்டைப்பெட்டியை எவனும் காசு கொடுத்து வாங்க மாட்டான் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு மாறினாலும் சரி, சீர் அனுப்பினாலும் சரி, பட்டாசுப் பெட்டிதான். உள்ளே விரிக்க அச்சாபீசில் கழித்துப் போட்ட பட்டாசு லேபிள். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை அதுதான், அலமாரிக்கு விரிப்பு அதுதான். அக்காவும் அப்படியே செய்தாள். சாத்தூர்க் காராச்சேவு, பால்கோவா, ஷமீமாவுக்கு ஒரு பட்டுச் சேலை. எல்லாம் பட்டாசுப் பெட்டிக்குள். மேலும் கீழும் ராக்கெட் பறக்கிற லேபிள். அந்தப் பெட்டி போன பை, அவள் தினமும் கம்பெனிக்குச் சோறு கொண்டு போகிற பை. நல்ல உறுதியான பை என்று எடுத்திருக்கிறாள். மச்சான் பைக்கடை வைத்து என்ன பிரயோசனம் சொல்லுங்கள்.

நடுவில் விமானம் மாறுகிற ஊர் ஒன்று. பேர் வேண்டாம். அங்கே ஒருவன் அக்காவின் உள்ளங்கையை ஒரு சின்னத் துணியால் துடைத்து மெசினுக்குள் விட்டான். கை பார்க்கிற மெசின். நம் ஊரில் கிளி சீட்டெடுக்கும், அங்கே மெசின் எடுக்கும். சிவப்பு. மறுபடி துடைத்தான். சிவப்பு. பையைத் துடைத்தான். பையின் தையல் மடிப்பு பூராவும் கம்பெனி வெடிமருந்தும் அலுமினியப் பவுடரும். அது சிவப்பிலும் சிவப்பு. பெட்டியைத் திறந்தான். ராக்கெட்.

இதுவரை நடந்ததற்கு நான் அவனைக் குறை சொல்லவில்லை. மருந்து இருந்தது. ஆயுள் பூராவும் திரி சொருகிய கையில் மருந்து இல்லாமல் மருதாணியா இருக்கும்? ஆனால் அது என்ன மருந்து என்று கேட்க அங்கே தமிழ் தெரிந்த ஒரு ஜீவன் இல்லை. அக்கா சொல்லிப் பார்த்திருக்கிறாள், "பட்டாசு, பட்டாசு, தீவாளி." அவன் முழித்திருக்கிறான். பாவம், புரியவைக்க வேண்டுமே என்று என் அக்கா நடித்துக் காட்டியிருக்கிறாள். குனிந்து திரியைப் பற்றவைத்தாள். இரண்டடி பின்னால் ஓடினாள். காதைப் பொத்திக்கொண்டாள். வாயால் வெடித்தும் காட்டினாள்.

விமான நிலையத்துக்குள்.

அதற்கப்புறம் வந்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள். ஜைத்தூன் பீவி. பேரும் ஒரு மாறிதானே. தலையில் போட்டிருந்த துப்பட்டாவும் ஒரு மாறிதான். எல்லாவற்றையும் கூட்டினால் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழும் என்று கண்டுபிடிக்க முதுகலைப் பட்டம் வேண்டாம்.

அங்கேயிருந்து ஷமீமாவுக்குப் போன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். அவள் பேசிய இங்கிலீஷைக் கேட்டால் உங்களுக்கே அழுகை வரும், அவ்வளவு மரியாதை. உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது, உங்கள் நடைமுறையை மதிக்கிறேன், மன்னிக்கவும், மறுபடி மன்னிக்கவும். எதற்கு மன்னிப்பு என்று எனக்குப் புரியவில்லை.

"போனை இங்க குடு."

"அத்தா, நீங்க பேசாதீங்க. கெட்டுப் போயிரும்."

"இனிமே கெட என்ன இருக்கு? அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தாரேன்."

"உங்க இங்கிலீஷ்ல கேட்டா மாமியை உள்ள வச்சிருவாங்கத்தா. ப்ளீஸ்."

வாயை மூடிக்கொண்டேன். அவள் மரியாதையாகவே பேசி முடித்தாள். அவர்களும் மரியாதையாகவே பதில் சொன்னார்கள். உங்கள் மாமி மேல் குற்றம் ஏதும் இல்லை. ஆனாலும் விமானக் கம்பெனி ஏற்றிக்கொள்ள மறுக்கிறது. வந்த வழியே அனுப்புகிறோம். யார் தப்பும் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். யார் தப்பும் இல்லாமல் ஒருத்தியை நாடு விட்டு நாடு திருப்பி அனுப்ப முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா மதுரையில் இறங்கி பஸ் பிடித்துத் திருத்தங்கல் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் போன் போட்டபோது சிரிக்கிறாள்.

"ஏலே காதரு, அந்த மெசினு என் கையை விடவே மாட்டேங்குதுலே. நம்ம போர்மேன் கூட அம்புட்டு உத்துப் பாக்க மாட்டான்."

"சிரிக்காதக்கா."

"பெறகு என்னத்தலே செய்ய? காராச்சேவைப் பூராக் குப்பையில கொட்டிட்டானுக. அதுல ஒண்ணத் தின்னு பாத்திருந்தா என்னைய விட்டிருப்பானுக."

பட்டமளிப்பு மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியில் என் கோட்டைப் போட்டு வைத்திருந்தேன். ஒரு பையன் வந்து யாராவது வருகிறார்களா என்று கேட்டான். வருவாங்க என்றேன். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக மேடையில் ஏறிய ஷமீமா, கீழே பார்த்தபோது என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கோட்டைத்தான் பார்த்தாள்.

5

சண்டை அதற்குப் பிறகு வந்தது. நான்தான் இழுத்தேன்.

"உன் படிப்புலதான இது வருது? அந்த மெசினு எதை வச்சு எங்கக்காவைச் சொல்லுச்சு?"

"என் தேன் மாதிரிதான்த்தா. கையில இருந்து துடைச்சதை நிறைய எண்ணா மாத்தும். சாதாரணக் கையோட கூட்டத்துல இருந்து எம்... எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாக்கும்."

"என்ன தூரம்? தாயில்பட்டி தூரமா?"

அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். "திருத்தங்கல் பஸ்ல கை பூரா அலுமினியப் பவுடரோட ஒருத்தங்க ஏறினா யாராச்சும் திரும்பிப் பாப்பாங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? பாதிப் பேரு கை அப்படித்தான் இருக்கும்."

"அதே ஆள் இங்க ரயில்ல ஏறினா?"

நான் பரோட்டாவைப் பிய்த்தேன்.

"இது டேப்பு வச்சு அளக்குற தூரம் இல்லத்தா. கூட்டம் எப்படி விரிஞ்சிருக்குங்கிறதைப் பொறுத்து அளக்குற தூரம். ஒரு கூட்டத்துல நடுவுல நிக்கிறவங்க இன்னொரு கூட்டத்துல கடைசிக்கும் கடைசி. மாமி மாறவே இல்ல. கூட்டம்தான் மாறிருச்சு."

இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசியாகத்தான் நிரம்பும். கடையில் நான் நுழைந்தால் காவலாளி நடை போட ஆரம்பிப்பான். அதற்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. அது வேறு ஆத்திரம்.

"அப்ப அந்தக் கூட்டத்துல எங்கக்கா மாதிரி ஆளுகளையும் சேத்துக்கிட வேண்டியதுதான?"

"அதுக்கு அவங்க கையை முதல்லயே அளந்து வச்சிருக்கணும். யாரும் அளக்கல."

"ஏன் அளக்கல?"

"அவங்க விமானத்துல வருவாங்கன்னு யாரும் நினைக்கலத்தா."

இதை அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் நல்ல எண்ணத்தில் கேட்கவில்லை. அந்தக் கை செய்த ராக்கெட் எவன் வீட்டுக் கூரைக்கு மேலேயும் போகலாம். கை போகக்கூடாது. தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டேன், உடைந்தது. புதுத் தட்டு.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்து அவளுக்கு வேலை கிடைத்தது. எங்கே தெரியுமா? இதே மாதிரி மெசின்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற ஒரு கம்பெனியில். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். பரோட்டாவைத் தட்டில் வைப்பேன், போய்விடுவேன். சால்னாவைக்கூட ஊற்றிக்கொடுக்க மாட்டேன், அவ்வளவு கோபம்.

ஒருநாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "வெளிய நின்னு கத்துனா அந்தக் கோடு நகராதுத்தா. உள்ள போய்த்தான் நகத்தணும். மாமி மாதிரிக் கைகளையும் அளந்து தனிக் கூட்டமாச் சேர்க்கச் சொல்லப் போறேன்."

சொன்னாள். மீட்டிங்கில் படம் போட்டு, கோடு போட்டு, எல்லாம் காட்டினாள். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டாராம். அருமையான வேலை என்றாராம். அப்புறம் சொன்னாராம், அந்தக் கூட்டம் ரொம்பச் சின்னது, அதற்காகக் கணக்கை மாற்றினால் நிஜமான கெட்டவனும் அந்தச் சந்தில் நுழைவான், ஆகவே அதைக் கணக்கில் சேராத இரைச்சல் என்று விட்டுவிடலாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "அவர் சொல்றதுலயும் பாதி சரிதான்" என்றாள் இங்கிலீஷில். அப்புறம் தமிழில், "மாமியை இரைச்சல்னு சொல்லிட்டாங்கத்தா" என்றாள்.

நான் சால்னா ஊற்றினேன்.

அவர் சொன்ன பாதி சரியை நானும் ஒத்துக்கொள்கிறேன். மெசின் தப்பு செய்யட்டும், பரோட்டாவும்தான் சில நாள் கருகுகிறது. ஆனால் கருகியதைத் திருப்பிக் கொடுக்க வருகிறவனிடம் நான் நின்று பேசுகிறேனா இல்லையா? மெசின் சிவப்பு என்றால் அதோடு எல்லாக் காதும் அடைத்துவிடுகிறது. தமிழ் தெரிந்த ஒரே ஒரு காது அங்கே இருந்திருந்தால் என் அக்கா வாயால் வெடித்துக் காட்டியிருக்க மாட்டாள்.

6

இந்த வருஷம் நிக்காஹ். விசாவுக்கு அலைய வேண்டியதில்லை. போன வருஷம் சென்னையில் பத்து விரலையும் கண்ணாடியில் வைத்து வாங்கிய விசா இன்னும் செல்லும். அதை உபயோகிக்கத்தான் விடவில்லை.

ஆகவே எல்லாம் ஜாக்கிரதையாகச் செய்தோம். வழியை மாற்றி வேறு ஊர் வழியாக டிக்கெட். மச்சான் கடையிலிருந்து சீல் பிரிக்காத புதுப் பை. காராச்சேவு பிளாஸ்டிக் டப்பாவில். லேபிள் தாள் ஒன்றுகூட வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "அடியில தாள் விரிக்காமப் பெட்டி கட்டுனா அம்மணமா நிக்கிற மாதிரி இருக்குலே" என்று அக்காவுக்கு மனசே இல்லை.

வந்திறங்கும்போது கொடுக்கிற காகிதத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இல்லத்தரசி என்று போடச் சொல்லி ஷமீமா போனில் பழக்கினாள். அக்கா விட்டாளா?

"எம்புட்டு வருசமாத் திரி சொருகுறேன், வீட்ல சும்மா கெடக்கேன்னா எழுதுறது?"

"மாமி, பட்டாசுன்னு போட்டா மறுபடியும் பிடிப்பாங்க."

"உன்னைய அந்தத் திரியிலதாண்டி படிக்க வச்சேன். அதை எழுதக் கூடாதுன்னா படிச்சவ பேச்சாடி இது?"

ஷமீமா போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் கெஞ்சி அக்காவைச் சம்மதிக்க வைத்தேன். சம்மதித்தாள். ஆனால் அன்றிலிருந்து என்னிடம் இரண்டு மூன்று நாள் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் பேசாமலிருப்பதற்கு எல்லோருக்கும் திறமை உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே, தேதி குறித்த அன்றே அக்கா வேலைக்குப் போவதை நிறுத்தினாள். நல்ல சீசன், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, போர்மேன் வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டும் போகவில்லை. கையில் ஒரு தூசு இருக்கக்கூடாது என்று தேய்க்க ஆரம்பித்தாள். புளி, எலுமிச்சம்பழம், பாத்திரம் விளக்குகிற நார், கடைசியில் செங்கல் பொடி. காலையில் தேய்க்கிறாள், சாயங்காலம் தேய்க்கிறாள். மச்சான் போனில் புலம்பினார்.

"மாப்ள, உங்கக்கா கையைத் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே போயிருச்சு. கைரேகை சோசியக்காரன் வந்தா பொழப்பத்துப் போவான்."

நானும் சிரித்தேன். நம்ம மச்சான் நம்மை மாதிரியே பேசுகிறாரே என்று பெருமைகூடப் பட்டேன்.

நேற்று விமானம் மாறுகிற ஊரிலிருந்து அக்கா போன் செய்தாள். அங்கேயும் கையைத் துடைத்து மெசினில் விட்டார்களாம். "பச்சைலே, பச்சை" என்றாள். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. நான் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

7

இன்னும் வரவில்லை. தரை துடைக்கிற வண்டி மறுபடியும் என் காலடிக்கு வந்து போயிற்று. அதை ஓட்டுகிறவரும் நம்மைப் போல் எங்கிருந்தோ வந்தவர்தான். காலைத் தூக்கிக்கொண்டதற்கு நன்றி என்று தலையை அசைத்தார். இந்தக் கட்டடத்தில் இன்றைக்கு என்னைப் பார்த்துத் தலையசைத்த ஒரே ஆள். அதோ, ஷமீமா அந்தக் கோடியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். முகத்தில் அதே மரியாதைச் சிரிப்பு. கண்ணாடிக்காரி தலையை ஆட்டுகிறாள், இல்லை இல்லை என்று. ஷமீமா சிரிக்கிறாள். கண்ணாடிக்காரி மறுபடி ஆட்டுகிறாள்.

அந்தப் பிள்ளையை அக்கா வளர்த்த விதம் உங்களுக்குத் தெரியாது. அதை ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் லீவுக்கு வந்தபோது கண்ணால் பார்த்தது. சாயங்காலம் கம்பெனி பஸ் தெரு முனையில் வந்து நிற்கும். ஷமீமா வாசலிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடுவாள். அக்கா பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிடுவாள், போலீசில் சரணடைகிறவன் மாதிரி. கை பூராவும் வெள்ளியாக மின்னும். "தொடாதடி, மருந்துடி, கழுவிட்டு வாரேன்" என்று கத்துவாள். பிள்ளை கேட்காது. இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கும். அக்கா தூக்கிய கையை இறக்காமலே, பிள்ளை இடுப்பில் தொங்கத் தொங்க, வீடு வரைக்கும் நடந்து வருவாள். தெருவே பார்த்துச் சிரிக்கும். ஒருநாள் நல்ல மழை. பஸ் வந்து நிற்கிறது, அக்கா இறங்குகிறாள், கையைத் தூக்குகிறாள், ஷமீமா ஓடுகிறாள், அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு லோடு வண்டி...

"அத்தா."

இருங்கள். மகள் வருகிறாள். ஓடி வருகிறாள்.

"அத்தா, மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லையாம். கை சுத்தமா இருக்காம். இப்ப மாமிக்கு ரேகை விழமாட்டேங்குதாம். எந்த விரலை வச்சாலும் மெசினு எடுக்க மாட்டேங்குது. விசாவுல இருக்கிற ரேகையோட சேரலைன்னு, இது அந்த ஆளே இல்லைங்கிறாங்க."

"தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் ரேகை போச்சுன்னு நீ சொன்னியா?"

"சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். திருப்பி அனுப்புறதப் பத்திப் பேசுறாங்கத்தா. மாமி அங்கன ரெண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்கிறாக, கண்ணாடி வழியாத் தெரியுது."

மூச்சு வாங்குகிறது அவளுக்கு. சிரிப்பைக் காணோம்.

"எந்திரிங்க. இந்தத் தடவ நீகளே பேசுங்க. சத்தமாவே பேசுங்க."

இந்தா வாரேன்மா. தொண்டையைச் செருமிக்கிறேன்.